ஊரே எதிர்த்த கட்டடத்துக்கு அனுமதி கிடைப்பது எப்படி? குடியிருப்போர் ஆட்சேபணைக்கு எடை வரும் இடங்களும் வராத இடங்களும்

ஒரு தெருவே திரண்டு கையெழுத்துப் போட்டு எதிர்த்த அடுக்குமாடிக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. இன்னோர் ஊரில் ஒரே ஒருவர் போட்ட வழக்கில், பெரும் பணம் செலவழித்து எழுப்பிய திரையரங்கின் அனுமதி ரத்தாகிறது. இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பணம் விளையாடியிருக்கும் என்று சொல்லிவிடுவது சுலபம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அப்படி எதுவும் நடக்காத இடங்களிலும் இதே மாதிரி முடிவுகள்தான் வருகின்றன. ஆட்சேபணை எந்தக் கட்டத்தில் வந்தது, எந்த விதியைப் பிடித்துக்கொண்டு வந்தது என்ற இரண்டும்தான் அதன் எடையைத் தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பது அதற்கு அப்புறம்தான்.

## அடிப்படை: ஒரே முடிவு மூன்று படிகளில்

கட்டட அனுமதி என்று நாம் பேசுவது கடைசிப் படியை. அதற்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன.

1. முழுமைத் திட்டம். ஊர் முழுவதற்கும், வரப்போகும் பத்து இருபது ஆண்டுகளுக்கு, எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிலுக்கு, எது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று வரைபடமாகவும் விதிகளாகவும் எழுதி வைப்பது. எத்தனை மாடி வரை போகலாம், பக்கத்து மனையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் இதில் அடங்கும். தளப் பரப்புக் குறியீடு வருவதும் இங்கேதான். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைச் சொல்லும் எண் அது. குறியீடு 2 என்றால், 1,000 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளும் சேர்ந்து 2,000 சதுர மீட்டர் வரை கட்டலாம்.

2. நிலப் பயன்பாட்டு மாற்றம். திட்டத்தில் ஒன்றுக்கென்று குறித்த நிலத்தை வேறொன்றுக்கு மாற்றுவது. குடியிருப்பு வணிகமாகும், பூங்கா பொதுக் கட்டட இடமாகும். பெரும்பாலான சட்டங்கள் இதற்கு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்கின்றன.

3. திட்ட அனுமதி. குறிப்பிட்ட ஒரு மனையில், குறிப்பிட்ட ஒரு வரைபடத்தின்படி கட்டிக்கொள்ளலாம் என்ற உத்தரவு.

முதல் படியில் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இந்தப் பகுதிக்கு இவ்வளவு உயரம் தேவையா, பள்ளிக்கு இடம் எங்கே, இங்கே சாலையே இல்லையே என்றெல்லாம் கேட்பதற்குச் சரியான இடம் அதுதான். மூன்றாம் படிக்கு வரும்போது கேள்வி சுருங்கிவிடுகிறது: ஏற்கெனவே எழுதிவைத்த விதிகளுக்குள் இந்த வரைபடம் அடங்குகிறதா?

மக்கள் வரும் வரிசையோ இதற்கு நேர் எதிர். முழுமைத் திட்டத்தின் வரைவு அரசிதழிலும் நாளிதழின் உள்பக்கத்திலும் வெளியாகும்போது கவனிப்பவர்கள் சிலர்தான். அப்போது எல்லாம் வரைபடத்தில் ஒரு நிறமாக மட்டுமே இருக்கும்; எதிர்க்கக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பக்கத்து மனையில் தகரத் தடுப்பு எழும்பி, மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்ற பிறகு கூட்டம் கூடும். அந்த நேரத்தில் அதிகாரியின் கையில் இருக்கும் அதிகாரம் மிகக் கொஞ்சம். குடியிருப்போர் ஏமாற்றமடைவதற்கு இதுவே முதல் காரணம். இதில் குற்றம் மக்களுடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களையும், சர்வே எண்களாக மட்டுமே தெரியும் வரைபடங்களையும் வெளியிட்டுவிட்டு, மக்கள் அக்கறை காட்டவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

## விதிவழி அனுமதி, விருப்புரிமை அனுமதி

உலகில் இருக்கும் திட்டமிடல் முறைகளைப் பொதுவாக இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

ஒன்று, விதிவழி. அமெரிக்காவில் 1916இல் நியூயார்க் நகரம் கொண்டுவந்த மண்டல விதிகளிலிருந்து இது பரவியது. வானளாவிய கட்டடங்கள் கீழே தெருவை இருட்டாக்கியதற்கு எதிர்வினையாக, உயரம் கூடக் கூடக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்று அந்த நகரம் விதித்தது. 1926இல் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிலத்தை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஊராட்சிகளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த முறையில் வரைபடம் விதிக்குள் இருந்தால் அனுமதி தந்தாக வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று அதிகாரியும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரரும் சொல்ல முடியாது.

இன்னொன்று, விருப்புரிமை. பிரிட்டனில் 1947ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தில் கட்டும் உரிமையையே அரசின் அனுமதிக்கு உட்பட்டதாக மாற்றியது. அங்கே திட்டம் வழிகாட்டி. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாக எடைபோட்டு உள்ளாட்சி மன்றம் முடிவெடுக்கும். பொதுவாக 21 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஆட்சேபணைக்கு இங்கே அதிக இடம் இருப்பதற்குக் காரணம் இந்த நெகிழ்வுதான்.

இந்தியாவில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. சட்டங்களின் பெயரும் அமைப்பும் பிரிட்டனை ஒட்டியவை. கட்டட விதிகள் செயல்படும் விதமோ பெரும்பாலும் விதிவழி. விதிக்கு உட்பட்ட சாதாரணக் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டாரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமே பொதுவாக இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பும் கட்டடக் கட்டுமானத் திட்டங்களைப் பொதுக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கி வைத்தது. தொழிற்சாலைக்குக் கூட்டம் நடத்தினார்களே, நாற்பது மாடிக்கு ஏன் நடத்தவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது.

விதிவழி முறையில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டோக்கியோவை அடுத்த குனிதாச்சி நகரம் நல்ல எடுத்துக்காட்டு. மரங்கள் அணிவகுத்த பல்கலைக்கழகச் சாலையில் சுமார் 44 மீட்டர் உயரத்தில் ஓர் அடுக்குமாடி வரப்போகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் போராடினார்கள். நகர மன்றமும் அவர்கள் பக்கம் நின்று 20 மீட்டர் உயர வரம்பைச் சட்டமாக்கியது. ஆனால் வரம்பு நடைமுறைக்கு வந்த 2000ஆம் ஆண்டு பிப்ரவரிக்குச் சில வாரங்கள் முன்பே கட்டுமான வேலை தொடங்கிவிட்டது. 2002இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 20 மீட்டருக்கு மேல் உள்ள பகுதியை இடிக்கச் சொல்லி எல்லோரையும் திகைக்க வைத்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 2006இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், ஒரு பகுதியின் நல்ல தோற்றத்தை அனுபவிப்பது சட்டம் காக்கத்தக்க நலன் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டியபோது இருந்த விதியை மீறாத கட்டடத்தை இடிக்க முடியாது என்று முடித்தது. கட்டடம் இன்றும் நிற்கிறது.

அதே ஜப்பானில் நேர்மாறான அனுபவமும் உண்டு. உயரக் கட்டடங்கள் தங்கள் வீட்டு வெயிலை மறைக்கின்றன என்று பல நகரங்களில் மக்கள் தொடர்ந்து போராடியதும் வழக்குப் போட்டதும் 1976இல் நிழல் விதியாகவே மாறியது. ஆண்டிலேயே பகல் குறைந்த நாளில் பக்கத்து நிலத்தின்மேல் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்று அந்த விதி கணக்குச் சொல்கிறது. அதன் பிறகு ஒருவர் வந்து வெயில் போகிறது என்று கெஞ்ச வேண்டியதில்லை. வரைபடத்தில் மணிக்கணக்கைக் காட்டினால் போதும்.

## எந்தக் காரணம் எடுபடும், எது எடுபடாது

விருப்புரிமை முறையிலும் எல்லாக் காரணங்களும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. நிலத்தின் பயன்பாட்டோடு தொடர்புள்ளவை மட்டுமே கணக்கில் சேரும். இங்கிலாந்தில் நீண்ட கால நடைமுறையில் உருவான பிரிவினை வேறு பல இடங்களுக்கும் பொருந்தும்.

எடுபடுபவை: முழுமைத் திட்டத்துக்கு முரண், வீட்டுக்குள் வெளிச்சம் குறைவது, எதிர் ஜன்னலிலிருந்து படுக்கையறை நேராகத் தெரிவது, சாலையின் தாங்குதிறனும் விபத்து ஆபத்தும், மழைநீர் போக வழியில்லாமை, கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு, மரங்களும் பழமையான கட்டடங்களும், தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெரு, இரைச்சல்.

எடுபடாதவை: என் வீட்டின் விலை குறையும், ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், கட்டுபவர் நல்லவரில்லை, என் கடைக்குப் போட்டி வரும், வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்ற பயம்.

காட்சி மறைவது எடுபடாது, வெளிச்சம் மறைவது எடுபடும் என்பது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். அடுத்தவர் நிலத்தின் மேலே இருக்கும் வெற்றிடம் நமக்குச் சொந்தமில்லை. ஆனால் குடியிருக்கத் தகுதியான வீட்டுக்கு வெளிச்சம் தேவை என்பது பொது நலன். தனி இழப்பை விட்டுவிட்டுப் பொது நலனைப் பார்ப்பதுதான் அளவுகோல். கடைசியாகச் சொன்ன பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ஏழைகளுக்கான வீடு, மாணவர் விடுதி, மனநலக் காப்பகம் என்று வரும்போதெல்லாம் அது வேறு வேடத்தில் வருகிறது. போக்குவரத்து நெரிசல் என்று மனுவில் எழுதியிருக்கும்; கூட்டத்தில் பேசும்போது உண்மை வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட மனு, அதே மனுக்கட்டுக்குள் இருக்கும் நியாயமான ஆட்சேபணைகளின் நம்பகத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது.

எழுதும் விதத்திலும் எடை மாறும். ‘நெரிசல் அதிகமாகும்’ என்ற வரியை அதிகாரி ஒரு நாளில் பலமுறை படிக்கிறார். ‘இந்தத் தெருவின் அகலம் இவ்வளவு, இந்த உயரக் கட்டடத்துக்கு விதி கேட்கும் அகலம் இவ்வளவு, வரைபடத்தில் காட்டியிருக்கும் அகலம் நிலத்தில் இல்லை’ என்று அளந்து எழுதினால், அவர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். முதல் வரியைப் புறக்கணித்தால் கேட்பாரில்லை. இரண்டாவதைப் புறக்கணித்தால் பின்னால் நீதிமன்றத்தில் கேள்வி வரும்.

## எண்ணிக்கை ஏன் குறைவாகவே பேசுகிறது

திட்ட அனுமதி வாக்கெடுப்பு இல்லை. சட்டவிரோதமான கட்டடத்தை நூறு பேர் ஆதரித்தாலும் அது சட்டப்படியானதாகாது. சட்டப்படியானதை ஆயிரம் பேர் எதிர்த்தாலும் அது மீறலாகாது. ஒரே வாசகத்தை அச்சடித்து ஆளுக்கொரு கையெழுத்துப் போட்ட ஐந்நூறு மனுக்களைப் பெரும்பாலும் ஒரே ஆட்சேபணையாகத்தான் பதிலளித்து முடிப்பார்கள். எண்ணிக்கைக்கு வேலை இருப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடம்.

இதற்குப் பின்னால் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏறத்தாழ நூறு ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். புதிய வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசியவர்களில் ஆதரித்தவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பேசியவர்கள் ஊரின் மற்ற வாக்காளர்களைவிட வயது கூடியவர்களாகவும், ஆண்களாகவும், நெடுநாள் அங்கேயே இருப்பவர்களாகவும், சொந்த வீடு வைத்திருப்பவர்களாகவும் இருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர் குறைவு. அந்தக் கட்டடம் வந்தால் அதில் குடியேறப் போகிறவர் ஒருவரும் இல்லை, அவர் யார் என்று அவருக்கே இன்னும் தெரியாது. ஆக, கூட்டத்தில் கேட்கும் குரலை அப்படியே ஊரின் குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழக்கில் இந்தச் சிக்கல் முழுமையாக வெளிப்பட்டது. கோலாலம்பூரின் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள், தோட்டம் கையகப்படுத்தப்பட்ட பிறகு 1980களிலிருந்து நீளவீடுகள் எனப்படும் தற்காலிக வரிசை வீடுகளில் வாழ்ந்தன. ஏறத்தாழ நூறு குடும்பங்கள். நிரந்தர வீடு தருகிறோம் என்ற வாக்குறுதி பல பத்தாண்டுகள் நீண்டது. கடைசியில் பக்கத்தில் இருந்த ரிம்பா கியாரா பூங்காவின் ஏறக்குறைய பாதியை எடுத்து, சொகுசு அடுக்குமாடிக் கோபுரங்களும் அவற்றோடு இந்தக் குடும்பங்களுக்கான ஒரு கட்டடமும் கட்டும் திட்டம் வந்தது. 2017இல் அதற்கு அனுமதியும் தரப்பட்டது. பூங்காவை அடுத்த தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். நீளவீட்டுக் குடும்பங்களுக்கு வீடு கட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை, பூங்காவை எடுத்துச் சொகுசுக் கோபுரம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம் என்பது அவர்கள் வாதம். இரண்டு நியாயமான தேவைகளை ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் ஒன்றை எதிர்ப்பவர் மற்றதையும் எதிர்ப்பவராகவே தெரிவார். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியது திட்டமிடுபவரின் பொறுப்பு.

## கேட்க வேண்டும் என்பதன் சட்டப் பொருள்

கருத்துக் கேட்டுவிட்டுத் தங்கள் இஷ்டப்படி செய்தார்கள் என்பது அடிக்கடி கேட்கும் புகார். ஆட்சேபணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டம் பொதுவாகச் சொல்வதில்லை. உண்மையாகப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்கு அளவு என்ன? இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் கன்னிங் வழக்கில் எடுத்து வைக்கப்பட்ட நான்கு நிபந்தனைகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது:

1. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும்.
2. மக்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குத் திட்டத்தின் விவரங்களையும் காரணங்களையும் தர வேண்டும்.
3. போதிய அவகாசம் தர வேண்டும்.
4. வந்த கருத்துகளை மனம் வைத்து எடைபோட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ரிம்பா கியாரா வழக்கு திரும்பியதும் இந்த இடத்தில்தான். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்ற குடியிருப்போர், 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நகரின் அமைப்புத் திட்டம் அந்த இடத்தைத் திறந்தவெளியாகக் காட்டியிருந்தது. அதிலிருந்து விலகுவதற்கான காரணத்தை மாநகர முதல்வர் சொல்லியாக வேண்டும், ஆட்சேபணை தெரிவித்தவர்களுக்கும் காரணம் தர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நிலத்துக்குச் சொந்தமான அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் மாநகர முதல்வரே இருந்தது நலன் முரணாகவும் பார்க்கப்பட்டது. பூங்கா வேண்டுமா வீடு வேண்டுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. முடிவெடுத்த விதம் தவறு என்றது, அனுமதி விழுந்தது.

## நீதிமன்றம் பார்ப்பதும் பார்க்காததும்

பல நாடுகளில் விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு உண்டு, எதிர்ப்பவருக்கு இல்லை. இங்கிலாந்து அப்படித்தான். அங்கே எதிர்ப்பவருக்கு மிஞ்சுவது நீதிமன்ற மறுஆய்வு மட்டும். அதற்கும் ஆறு வாரங்களே அவகாசம். அயர்லாந்தில் நிலைமை வேறு: உள்ளாட்சியிடம் 20 யூரோ கட்டணத்துடன் உரிய காலத்தில் எழுத்துபூர்வமாகக் கருத்துச் சொன்ன எவரும், முடிவு வந்த நான்கு வாரங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதல் கட்டத்தில் எழுதாதவருக்கு அந்த வாய்ப்பு பொதுவாக இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகும்போது கேள்வியே மாறிவிடுகிறது. இந்தக் கட்டடம் நல்லதா என்று நீதிபதி பார்ப்பதில்லை. அதிகாரம் இருந்ததா, நடைமுறை பின்பற்றப்பட்டதா, விதி மீறப்பட்டதா என்று மட்டுமே பார்ப்பார். இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகள் இதற்குப் போதும்.

1. உடுப்பி, 1974. குடியிருப்புப் பகுதியில் ஒரு திருமண மண்டபத்தைத் திரையரங்காக மாற்ற நகராட்சி அனுமதி தந்தது. ஊரமைப்புத் திட்டம் அதை அனுமதிக்கவில்லை. வரி கட்டும் குடிமகன் ஒருவர் வழக்குப் போட்டார். நிறையப் பணம் செலவாகிவிட்டது என்பதற்காக உயர் நீதிமன்றம் தலையிடத் தயங்கியது. உச்ச நீதிமன்றம் தயங்கவில்லை. திட்டத்தை நடைமுறைப்படுத்துவது நகராட்சியின் கடமை, அதை வலியுறுத்தும் உரிமை அங்கே குடியிருப்பவருக்கு உண்டு, இல்லாத அதிகாரத்தைச் செலவழித்த பணம் உண்டாக்கிவிடாது என்றது.

2. பெங்களூரு, 1991. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். மருத்துவமனையும் பொது நலன்தானே என்று வாதாடினார்கள். திட்டத்தில் பூங்கா என்று குறித்த இடத்தை மாற்றும் முறை சட்டத்தில் இருக்கிறது, முதலமைச்சரின் உத்தரவு அந்த முறைக்கு மாற்றாகாது என்று நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது.

3. நொய்டா, 2021. எமரால்ட் கோர்ட் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்குப் பசுமைப் பகுதியாகக் காட்டிய இடத்தில் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. குடியிருப்போர் நலச் சங்கம் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதித்த வரைபடத்தைக் கேட்டபோது, கட்டுமான நிறுவனம் சம்மதிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி அதிகாரிகள் தர மறுத்திருந்தார்கள். வழக்கு நின்றது இரண்டு விஷயங்களின்மேல்: கட்டடங்களுக்கு இடையே 16 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 மீட்டரே இருந்தது, பொது இடத்தில் பங்குள்ள வீட்டு உரிமையாளர்களின் சம்மதம் பெறப்படவில்லை. அதிகாரிகளும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்ததைத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

மூன்றிலும் ஆட்சேபித்தவர்கள் ஒரு குறிப்பிட்ட வரியைக் காட்ட முடிந்தது: திட்டத்தில் ஒரு நிறம், சட்டத்தில் ஒரு பிரிவு, விதியில் ஓர் அளவு. ‘எங்கள் பகுதியின் இயல்பு கெடுகிறது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் மூன்றும் தோற்றிருக்கும் என்பது என் கணிப்பு. நொய்டாவில் அந்த வெற்றிக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறக்கக் கூடாது. வரைபடத்தைக் கேட்ட அன்றே கொடுத்திருந்தால் அஸ்திவாரத்திலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

## அனுமதிக்கும் மறுப்புக்கும் நடுவே

செய்திகளில் அதிகம் வராத பகுதி இது. ஆனால் குடியிருப்போரின் உழைப்புக்குப் பெரும்பாலும் பலன் கிடைப்பது இங்கேதான்: நிபந்தனைகள்.

கட்டடத்தை நிறுத்த முடியாத இடத்திலும் அது எப்படி எழும்புகிறது என்பதை மாற்ற முடியும். லாரிகள் எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்தில் வரலாம். பக்கத்து வீட்டைப் பார்க்கும் ஜன்னலுக்கு மங்கலான கண்ணாடி. மழைநீர் மனைக்குள்ளேயே தேங்க ஏற்பாடு. வெட்டும் மரத்துக்கு ஈடு. சாலை விரிவுக்கு நிலம். இங்கிலாந்தில் ஒரு நிபந்தனை செல்லுபடியாக ஆறு சோதனைகள் உண்டு: அது தேவையானதா, திட்டமிடலோடு தொடர்புள்ளதா, அந்தக் கட்டடத்தோடு தொடர்புள்ளதா, நடைமுறைப்படுத்தக்கூடியதா, துல்லியமானதா, நியாயமானதா? ஆட்சேபணை எழுதுபவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ‘தூசி வரக் கூடாது’ என்பதை யாரும் கண்காணிக்க முடியாது. ‘லாரி வெளியேறும் இடத்தில் சக்கரம் கழுவும் தொட்டி இருக்க வேண்டும்’ என்பதைத் தெருவில் நின்றபடியே பார்த்துச் சொல்லலாம்.

எதிர்ப்பவர்கள் பலர் நிபந்தனை கேட்பதைத் தோல்வியாக நினைத்துத் தவிர்க்கிறார்கள். மனுவில் ‘அனுமதி மறுக்க வேண்டும், அப்படியும் அனுமதித்தால் குறைந்தபட்சம் இவற்றை விதிக்க வேண்டும்’ என்று இரண்டையும் எழுதலாம். அதனால் முதல் வாதம் பலவீனப்படாது.

## எதிர்ப்பு மிகும்போது சட்டம் எங்கே நகர்கிறது

ஒவ்வொரு வீட்டுத் திட்டமும் பல ஆண்டுகள் தடைபடும் ஊரில் வீட்டு வாடகை ஏறும். அப்போது அரசு ஆட்சேபணைக்கான இடத்தையே சுருக்கும். கலிபோர்னியாவில் இது கண்ணெதிரே நடந்தது. 1970ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைப் பயன்படுத்தி, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதித் திட்டத்தைக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். மாணவர்கள் எழுப்பப்போகும் இரைச்சலையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், குடியிருப்பவர்களின் பேச்சுச் சத்தம் சுற்றுச்சூழல் பாதிப்பாகாது என்று சட்டம் போட்டது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து வேறு வழியில் போனது. 2016இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த திட்டம், குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்ட வழிவிட்டது. ஆட்சேபணைகளைத் தனி விசாரணைக் குழு திட்ட நிலையிலேயே கேட்டு முடித்தது. அதன் பிறகு அங்கே புதிய வீடுகளுக்கான அனுமதிகள் வெகுவாகக் கூடின.

போக்கு தெளிவாகத் தெரிகிறது: கடைசிப் படியில் பேசும் வாய்ப்பு குறைகிறது, முதல் படியில் எடுக்கும் முடிவு இறுதியாகிறது. இதை நான் பொதுவாக நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன், ஒரே நிபந்தனையுடன்: முதல் படியை மக்களுக்குப் புரியும்படி நடத்த வேண்டும். வரைபடத்தைத் தெருப் பெயரோடு போட வேண்டும், பகுதிவாரியாகக் கூட்டம் வேண்டும், வந்த ஆட்சேபணைக்கு என்ன பதில் என்று ஒவ்வொன்றாக வெளியிட வேண்டும். அதைச் செய்யாமல் கடைசிக் கதவை மட்டும் சாத்தினால், மிஞ்சுவது நீதிமன்றமும் தெருமறியலும்தான்.

## ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால்: பார்க்க வேண்டிய வரிசை

1. இது எந்தப் படி? வரைவுத் திட்டமா, நிலப் பயன்பாட்டு மாற்றமா, திட்ட அனுமதியா? கேட்கக்கூடியது அதைப் பொறுத்தது.
2. ஆட்சேபணைக்குக் கடைசி நாள் எது? அதற்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான சான்றை வாங்கி வைக்க வேண்டும். பின்னால் வரும் மேல்முறையீடும் வழக்கும் இதன்மேல்தான் நிற்கும்.
3. முழு வரைபடமும் விண்ணப்பமும் கிடைத்தனவா? இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கும் நாடுகளில் அதன் மூலமும் கேட்கலாம். தர மறுத்தால் அந்த மறுப்பும் ஓர் ஆவணம்.
4. நிலப் பயன்பாடு, சாலை அகலம், உயரம், பக்க இடைவெளி, தளப் பரப்புக் குறியீடு, திறந்தவெளி ஒதுக்கீடு ஆகிய ஆறையும் விதியோடு ஒப்பிட வேண்டும். மீறல் இருந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் தெரியும்.
5. சாலையையும் வடிகாலையும் நேரில் அளந்து, தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும்.
6. மறுக்கக் கோரும் காரணங்களும், மாற்றாகக் கேட்கும் நிபந்தனைகளும் தனித்தனிப் பத்திகளாக இருக்கட்டும்.
7. அனுமதி வந்தாலும் வேலை முடியவில்லை. அனுமதித்த வரைபடத்தின் நகலைப் பெற்று, கட்டுமானம் அதன்படி நடக்கிறதா என்று ஒவ்வொரு மாடியாகப் பார்க்க வேண்டும். மீறலை நிறைவுச் சான்று வழங்குவதற்கு முன்பே எழுத்தில் பதிவு செய்வது முக்கியம். வீடு வாங்கிய குடும்பங்கள் குடியேறிய பிறகு இடிப்பது எவருக்கும் எளிதில்லை. அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் கோரிக்கைகள் அந்தக் கட்டத்தில்தான் எழுகின்றன.